இருபத்தேழு வயதில் விலங்கியல் படிக்கலாமா?

பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் சில வருடம் போய்வந்த பிறகு, மறுபடியும் படிக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் சிவகாசி, சாத்தூர் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். படிப்பு நின்றது அவர்கள் குற்றமல்ல. வீட்டுக் கடனும் அப்பாவின் நோயும் நிறுத்தியவை. அவர்களில் ஒருவர் "விலங்கியல் படிக்கிறேன்" என்றால், "ஆடு மேய்த்தது போதாதா? வேலை கிடைக்கிற படிப்பாகப் பார்" என்கிறோம். இந்தப் பேச்சை நாம் விட வேண்டும்.

எந்தப் புழு பயிரைத் தின்னும், எந்தப் பாம்புக்கு விஷம், கண்மாயில் எந்த மீன் எப்போது சினைப்படும் என்று நம் சேரிகளுக்குத் தெரியும். அந்த அறிவைச் சாதியின் அடையாளமாக்கி இழிவுபடுத்தினார்கள். அதே அறிவு கல்லூரியில் பாடமாகும்போது நம் பிள்ளைகள் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

நம் மாவட்டத்திலேயே 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்தக் காட்டுக்கு நாம் கூலியாட்களாக மட்டும் போனால் போதாது. ஆய்வாளராகவும் அதிகாரியாகவும் போக வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுத, பட்டப் படிப்பில் இருக்க வேண்டிய பாடங்களில் விலங்கியலும் ஒன்று. எஸ்சி, எஸ்டி பிரிவினர் 37 வயது வரை எழுதலாம். 27 வயதில் சேர்ந்து 30-ல் பட்டம் வாங்கினாலும் காலம் மிச்சமிருக்கிறது. பி.எட். முடித்தால் ஆசிரியர் வேலைக்கும் வழி உண்டு.

சேருமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, பிளஸ் டூவில் உயிரியலோ விலங்கியலோ படித்திருக்கிறோமா? இல்லையென்றால் முதலில் அதை முடிக்க வேண்டும். இரண்டு, கல்லூரியின் வயது வரம்பு என்ன, நமக்கு எவ்வளவு தளர்வு? மூன்று, செய்முறை வகுப்பு எந்த நாளில், எத்தனை மணி வரை? விலங்கியலில் ஆய்வகத்துக்கு வராமல் தேற முடியாது. தவளையை அறுக்க வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். அந்த வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் நிறுத்தச் சொல்லிவிட்டது.

பணம்? அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. பதிவுக் கட்டணம் 2 ரூபாய்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை கேட்கலாம். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பெரிய தடை ஒன்று நிற்கிறது. துண்டுக்கூலிக்கு வேலை செய்பவர் ஒரு பகல் ஆய்வகத்தில் இருந்தால் அன்றைய கூலி போகும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆகவே அரசிடமும் கல்லூரிகளிடமும் நாம் கேட்பது இரண்டு: வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையிலோ வார இறுதியிலோ செய்முறை வகுப்பு வையுங்கள், படிப்பை இடையில் இழந்தவர்களுக்கு வயதைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தாதீர்கள்.

பட்டாசு ஆலையில் கழிந்த வருடங்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. மீதி வருடங்களையாவது பிள்ளைகள் விரும்பிய பாடத்துக்கு விடுவோம்.