மனை விலை ஏறுது! தண்ணியும் ஏறுது!

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது 2023 டிசம்பரில். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை புரோக்கர்கள் காட்டில் மழைதான்!

நிஜ மழை கொட்டினால்? 2015-ல் முடிச்சூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, ஜனங்களைப் படகில் மீட்டது மறந்துபோச்சா?

30 லட்ச ரூபாய்க்கு மனை வாங்கும் குமாஸ்தா, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறார். 2 லட்சத்து 70 ஆயிரம்! கட்டிவிட்டு முழங்கால் தண்ணியில் நிற்பதா?

மழைநீர்க் கால்வாய் வெட்டிய பிறகே மனைப்பிரிவுக்கு அனுமதி என்று அரசு கறாராகச் சொல்லவேண்டும். வாங்குகிறவர்களும் பட்டா, வில்லங்கச் சான்றோடு நிற்காமல், ஐப்பசி மழையில் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான்!