பதிவேட்டில் பெயரை அடித்த பிறகு

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இந்த மாதம் எத்தனை வீடு? புதியவர்கள் எத்தனை, தொடர் சேவை எத்தனை? அவரும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறார். நோயாளி இறந்துபோனால் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு தேதி. அதன் பிறகு அந்த வீட்டுக்கு நாம் போவதில்லை, போகச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. நம் சிகிச்சை எப்படி இருந்தது என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நம் பணியை மதிப்பிடும் வேலை அந்தக் கோட்டுக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது இந்த உரையின் வாதம்.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்தன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. முற்றிய புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒருவரைக் காரில் ஏற்றிக் கோயம்புத்தூர் வரை கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவந்த குடும்பங்களுக்கு, செவிலியர் வீடு தேடி வருவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். ஆனால் போய்ச் சேர்ந்தோமா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், போனதால் என்ன ஆயிற்று என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. நம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்பது ஒரு கணக்கு, செக்கிங்கில் எத்தனை தேறியது என்பது வேறு கணக்கு.

பொங்கலூரை எடுத்துக்கொள்கிறேன். கோவை–திருச்சி சாலையில், பல்லடம் தாண்டி வரும் ஒன்றியம். காடு தோட்டமும் கோழிப் பண்ணையும் ஒருபுறம், விசைத்தறிக் கூடங்களும் பனியன் கம்பெனிக்குப் போகும் குடும்பங்களும் மறுபுறம். கம்பெனி வேன் காலையிலேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். தறிக்காரர் வீட்டிலேயே இருந்தாலும் தறியை விட்டு நகர முடியாது. நம் செவிலியர் போவது முற்பகல் பதினொரு மணிக்கு. அப்போது வீட்டில் இருப்பது நோயாளி மட்டும்தான், மிஞ்சினால் பக்கத்து வீட்டு அம்மா. மருந்து கொடுப்பவர், புரட்டிப் படுக்க வைப்பவர், ராத்திரி விழித்திருப்பவர் யாரையும் நாம் பார்ப்பதில்லை. வருகை மட்டும் பதிவாகிவிடுகிறது.

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நம்மில் பலர் இத்தகைய வீட்டுக்குள் நுழைந்திருக்கிறோம். எழுபது வயதுப் பெண்மணி, கர்ப்பப்பை வாய்ப் புற்று முதுகெலும்பு வரை பரவியிருக்கிறது. அடுத்த கூடத்தில் தறி ஓடுகிறது, பேச்சு காதில் விழ வேண்டுமானால் குனிந்துதான் கேட்க வேண்டும். “ஆத்தா, வலி எப்படி இருக்குதுங்க?” “பரவால்ல கண்ணு, நீ டீ குடிச்சயா?” வீடு தேடி வந்த பிள்ளையிடம் முகம் சுளிக்கக் கூடாது என்பது அவர் பழகிய மரியாதை. ‘வலி: குறைவு’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். எழாமல் தலையணைக்கு அடியில் இருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள். 10 மில்லிகிராம் மார்ஃபின், நாளுக்கு ஆறு. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு மணிக்கு ஒவ்வொன்று, இரவு பத்து மணிக்கு இரண்டு. ஒரு வாரத்துக்குக் கொடுத்தது 42. ஏழு நாள் கழிந்தும் 21 மிச்சம் இருக்கிறது. மருமகள் வேலைக்குக் கிளம்புமுன் ஒன்று கொடுக்கிறார், வந்தபின் இரண்டு கொடுக்கிறார். நடுவில் இருக்கும் மூன்று வேளையை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பகல் முழுவதும் அந்த ஆத்தா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

மருந்து சரி, அளவு சரி, வருகையும் சரியாக நடந்தது. வலி மட்டும் குறையவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நீடித்த வெளியீட்டு மார்ஃபினுக்கு மாற்றினாலோ, பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வேளை குறித்த ஒரு தாளைக் கொடுத்துப் பழக்கினாலோ இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஷிப்ட் நேரம் தெரியாமல் எழுதிய மருந்துச் சீட்டு இந்த வட்டாரத்தில் பாதிதான் வேலை செய்யும். இன்னொன்றும் அங்கேயே கேட்க வேண்டும்: வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று? மார்ஃபினை ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் ஆரம்பித்தாக வேண்டும் என்பது பாடத்தில் எல்லாரும் படித்தது. ஆனால் நம் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தரத்தை அளக்கும் முறைகள் உலகில் இல்லாமல் இல்லை. அவெடிஸ் டோனபீடியன் 1966-இல் சிகிச்சைத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். நாம் ஆள், வண்டி, பை எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறோம், வருகைகளை எண்ணுகிறோம், மூன்றாவதற்கு வரும்போது கை ஓய்ந்துவிடுகிறது. 2005 முதல் ஆஸ்திரேலியாவில் நடக்கும் தேசியக் கூட்டுத்திட்டம் ஒன்று இந்த மூன்றாவதைத்தான் பிடித்துக்கொண்டது. நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால் மூன்று நாளுக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்களா என்று ஒவ்வொரு சேவையையும் அது கேட்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்காவது அது நடந்திருக்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். முதல் வருகையில் வலி எவ்வளவு, மூன்று நாளுக்குள் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் போதும். நேரில் போக முடியாவிட்டால் இரவு எட்டரைக்கு மேல் மருமகளுக்கு ஒரு போன் போட்டால் இரண்டாவது எண் கிடைத்துவிடும். பூஜ்யம் முதல் பத்து வரை என்ற அளவுகோல் புரியாதவர்களிடம், வலி ரூபாய்க்கு எத்தனை காசு என்று கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்.

மார்ஃபின் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தம், மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்களுக்காக அலைந்த நிலையை மாற்றியது. பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மார்ஃபினை இருப்பு வைத்துக் கொடுக்கலாம். இருந்தும், இந்தியாவில் தேவைப்படும் வலி நிவாரண ஓபியாய்டில் 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்று லான்செட் ஆணையத்தின் 2017 அறிக்கை கணக்கிட்டது. அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாட்டின் நிலை இது. ஆகவே ஒரு ஒன்றியத்தின் சிகிச்சைத் தரத்தைக் கேட்பவர், மாவட்டத்தில் மார்ஃபின் இருக்கிறதா என்பதோடு நிறுத்தக் கூடாது. அலகுமலையில் இருக்கும் நோயாளிக்கு அதை வாங்கி வர வீட்டிலிருந்து ஒருவர் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறதா, மாத்திரை தீர்ந்து இருப்பு வரும் வரை எத்தனை இரவு கழிந்தது என்றும் கேட்க வேண்டும். வாரக் கூலிக் குடும்பத்தில் ஒரு நாள் லீவு என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் அப்படியே தெரியும்.

நம் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் புற்றுநோயாளிகள் அல்லர். பக்கவாதம், தண்டுவடக் காயம், சிறுநீரகச் செயலிழப்பு, மூப்பு என்று பலவிதம் உண்டு. இவர்களை எல்லாம் சேர்த்து ஒரு சராசரி போட்டால் எதுவும் தெரியாது. ஐந்து ஆண்டாகப் படுத்திருக்கும் தண்டுவட நோயாளிக்குத் தரம் என்பது படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்க் குழாயிலும் இருக்கிறது. புண் நம்மிடம் சேரும்போதே இருந்ததா, சேர்ந்த பிறகு வந்ததா என்று பிரித்து எழுதினாலே போதும், அந்த ஒன்றியத்தின் சேவை எப்படிப்பட்டது என்பது பாதி தெரிந்துவிடும்.

இனி, கோடு போட்ட பெயருக்கு வருகிறேன். இறந்தவரின் குடும்பத்தைக் கேட்டுத் தரத்தை அறியும் வழக்கம் வெளிநாடுகளில் ஊன்றிவிட்டது. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை துக்கத்தில் இருந்த குடும்பங்களிடம் ஆண்டுதோறும் தேசிய அளவில் கேட்டார்கள். அமெரிக்காவில் 2015 முதல் ஹாஸ்பைஸ்களில் இறந்தவர்களின் குடும்பத்துக்குச் சில மாதம் கழித்துக் கேள்வித்தாள் போகிறது. ஜப்பானிலும் இப்படிப்பட்ட தொடர் ஆய்வுகள் உண்டு. அவை தபாலில் போகும் படிவங்கள், நமக்கு ஒத்து வராது. நம்மிடம் அதைவிட நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போவது. இறந்தவருக்கு மருந்து போட்ட செவிலியர் துக்கம் விசாரிக்க வந்தால் எந்த வீட்டிலும் கதவைச் சாத்த மாட்டார்கள். வரவில்லை என்றால்தான் நினைத்துக்கொள்வார்கள். அந்த முதல் வருகையில் கேள்வி எதுவும் வேண்டாம். கருமாதி முடிந்து, வீடு கொஞ்சம் தேறி, இரண்டு மாதம் போல் ஆனபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சம்மதத்தோடு உட்கார்ந்து கேட்கலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. “எங்க சேவை திருப்தியா இருந்துதுங்களா?” என்று கேட்டால், “நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க” என்பார்கள். காசு வாங்காமல் வந்தவர்களைக் குறை சொல்ல மனம் வராது. நடந்ததைக் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் அவர் ராத்திரி தூங்கினாரா? நடுச்சாமத்தில் வலி வந்தபோது யாருக்குப் போன் போட்டீர்கள், எடுத்தார்களா? மாத்திரை தீர்ந்துபோன நாள் உண்டா? மூச்சு மாறும், சாப்பாடு நிற்கும், தொண்டையில் கரகரப்புச் சத்தம் வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்தார்களா? அவர் எங்கே இருக்க ஆசைப்பட்டார், எங்கே போய்ச் சேர்ந்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் நம்மை உலுக்கும். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதரை, கரகரப்புச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோன பிள்ளைகள் நள்ளிரவில் 108-ஐக் கூப்பிட்டுக் கொண்டுபோயிருப்பார்கள். பிள்ளைகள் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தச் சத்தம் அவருக்கு வேதனை தருவதல்ல என்று பகலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். மருந்து போட்டவரே கேட்டால் உண்மை வராது. பொங்கலூர் வீடுகளில் பல்லடம் செவிலியர் கேட்கட்டும், பல்லடத்தில் குண்டடத்தவர் கேட்கட்டும், குண்டடத்தில் பொங்கலூரார் கேட்கட்டும். பக்கத்து ஒன்றியத்தார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி வகுப்பு இல்லை.

ஏற்கெனவே ஒரு ஒன்றியம் முழுவதும் ஒற்றை ஆளாகச் சுற்றுகிறவர்கள் தலையில் இதையும் ஏற்றுவதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மோசமான பதில்கள் வந்தால் பழி செவிலியர் மேல் விழும் என்ற பயமும் நியாயமானதே. அதனால்தான் இந்தப் பதில்கள் எந்தத் தனி ஊழியரின் பணிப்பதிவிலும் ஏறக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ராத்திரி யாரும் போன் எடுக்கவில்லை என்று ஒன்றியத்துக்கு ஒன்றியம் குடும்பங்கள் சொன்னால், அது எந்தச் செவிலியரின் குறையும் ஆகாது. பகலெல்லாம் வீடு வீடாகச் சுற்றியவர் இரவில் தூங்கத்தான் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு இரவுத் தொலைபேசி எண்ணும், எடுத்துப் பேச மார்ஃபின் தெரிந்த ஒரு மருத்துவரும் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அந்தக் கோரிக்கையை இன்றுவரை நாம் நம் அனுபவத்தைச் சொல்லி வைத்துவருகிறோம். குடும்பங்களின் வாக்குமூலத்தோடு வைத்தால் அதைத் தள்ளுவது கடினம்.

எந்தக் கணக்கிலும் வராமல் போகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் இருப்பவர்கள், நோய் முற்றினால் ஊருக்குப் போய்விடுகிறார்கள். தன்பாத் ரயிலில் இரண்டு நாள் பயணம், கையில் மருந்தும் இல்லை, என்ன மருந்து என்று எழுதிய சீட்டும் இல்லை. பதிவேட்டில் ‘இடம்பெயர்ந்தார்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அப்படிப் போகிறவருக்கு வழிக்கு வேண்டிய மாத்திரையும், அவர் ஊர் மருத்துவருக்குப் புரிகிற ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினோமா என்பதும் தரக் கேள்விதான். அந்த வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போக முடியாது, போன் போடலாம். இந்தியோ ஒடியாவோ தெரிந்த சகத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதைத் தொடங்கப் பெரிய அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட அளவில் செய்து தர வேண்டியது ஒன்று இருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போகும் வருகைக்கும், இரண்டு மாதம் கழித்துக் கேட்கப் போகும் வருகைக்கும் மாத அறிக்கையில் தனித்தனிக் கட்டம் வேண்டும். அவையும் சேவை என்று கணக்கில் சேர வேண்டும், வண்டியும் அதற்காகக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் செவிலியர் அதைத் தன் சொந்த ஞாயிற்றுக்கிழமையில், சொந்தக் காசில் பஸ் ஏறிப் போய்ச் செய்வார். சிலர் இப்போதும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.