வெண்கோடுகளின் விலை

விமானப் போக்குவரத்தால் புவி வெப்பமடைவது குறித்துப் பேசும்போதெல்லாம் எரிபொருளையும், அதிலிருந்து வெளியாகும் கரியமில வாயுவையும் மட்டுமே நாம் கணக்கில் கொள்கிறோம். உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் விமானங்களின் பங்கு ஏறத்தாழ 2.5 சதவீதம். ஆனால், விமானம் கடந்து சென்றபின் வானில் நீளும் வெண்கோடுகளுக்கும் ஒரு விலை உண்டு. அதை இதுவரை எவரும் செலுத்தியதில்லை.

விமான எந்திரம் உமிழும் நீராவி, உயர்வானின் கடுங்குளிரில் புகைக்கரித் துகள்கள் மீது உறைந்து பனிப்படிகமாவதே இந்த வெண்கோடு. வறண்ட காற்றில் அது சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த குளிரடுக்கிலோ, பல மணி நேரம் நிலைத்து மேகமாகப் பரவும். பகலில் சூரிய ஒளியின் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பும். இரவில் அந்த ஈடும் இல்லை. பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைப்பது மட்டுமே அதன் வேலை.

அந்த ஈர அடுக்குகள் பெரும்பாலும் பரந்து கிடந்தாலும் தடிமனில் மெலிந்தவை. எனவே, விமானம் சுமார் 2,000 அடி ஏறியோ இறங்கியோ அவற்றைத் தவிர்த்துவிட இயலும். ஜப்பான் வான்பரப்பை ஆராய்ந்து 2020-இல் வெளியான லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வின்படி, வெண்கோடுகளால் விளையும் வெப்பத்தில் 80 சதவீதத்துக்கு வெறும் 2.2 சதவீத விமானங்களே காரணம். 2023-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் முடிவுகளை வெளியிட்ட, 70 விமானங்களைக் கொண்ட சோதனையில் வெண்கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. வழி மாறிய விமானங்களுக்குக் கூடுதலாகச் செலவானது 2 சதவீத எரிபொருள்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனம் அந்த 2 சதவீதத்தின் மீதுதான் செல்கிறது. செலவு ஒரு நிறுவனத்துக்கு, பயன் உலகுக்கு. பொருளியலில் இதைப் 'புறவிளைவு' என்போம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-இல் ஏற்ற 'கோர்சியா' திட்டம் கரியமில வாயுவை மட்டுமே கணக்கிடுகிறது. அதன்படி, வெண்கோட்டைத் தவிர்க்கக் கூடுதல் எரிபொருளைச் செலவிடும் நிறுவனத்தின் கணக்கில் மாசுதான் கூடும். நன்மை செய்பவருக்கே அபராதம் விதிக்கும் ஏற்பாடு இது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், கரியமில வாயு சாராத விளைவுகளையும் விமான நிறுவனங்கள் கண்காணித்து அறிக்கை அளிக்க வேண்டும் என விதித்துள்ளது. இது கட்டணமன்று, கணக்கெடுப்பு மட்டுமே. எனினும், அளக்கப்படாத ஒன்றுக்கு விலை நிர்ணயிக்க முடியாது என்பதால் இந்தத் தொடக்கம் முக்கியமானது.

எச்சரிக்கையும் தேவை. உயர்வானின் ஈரப்பதத்தைத் துல்லியமாக முன்கணிப்பது இன்னும் கடினம். கணிப்பு பிழைத்தால் எரிபொருள் வீணாகும். வெண்கோடு மறைந்துவிடும், கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் நீடிக்கும். நெரிசலான வான்வழிகளில் உயரத்தை மாற்றுவது கட்டுப்பாட்டாளர்களின் சுமையையும் கூட்டும். ஆகவே, கணிப்பு உறுதியாக உள்ள சில இரவுநேர விமானங்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

2023-இல் மட்டும் இண்டிகோ 500 விமானங்களையும் ஏர் இந்தியா 470 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தன. 2027 முதல் கோர்சியாவின் கடமைகள் இந்தியாவையும் சேரும். அந்த அவையில் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது இதுதான்: வெண்கோடுகளையும் கணக்கில் சேருங்கள், அவற்றைத் தவிர்க்கச் செலவிடும் நிறுவனத்துக்கு அந்தச் செலவை ஈடுசெய்யுங்கள். வான்வழியை மாற்றுவது விமானிக்கு எளிது; கணக்கு முறையை மாற்றுவதுதான் அரசுகளின் பொறுப்பு.