டாக்டிகல் பேக் வாங்கியாச்சா? மாட்டுவதற்கு முன் கழற்றுங்கள்!

ஐ.டி. நிறுவன வாசல்களிலும் மெட்ரோ ரயில்களிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது, முன்புறம் வரிவரியாகப் பட்டி தைத்த ‘டாக்டிகல் பேக்’. கெட்டியான துணி, ராணுவ லுக், இஷ்டத்துக்கு பவுச் மாட்டிக்கொள்ளும் வசதி. வாங்கிய கையோடு பலரும் செய்வது ஒன்றுதான்: டார்ச்சுக்கு ஒன்று, பவர் பேங்குக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று என பவுச்சாக வாங்கிக் குவிப்பது. பையை ‘அப்கிரேட்’ செய்வது என்றால் எதையாவது சேர்ப்பது என்ற இந்த நினைப்பில்தான் சிக்கலே தொடங்குகிறது. தோளும் முதுகும்தான் அதற்கு விலை கொடுக்கின்றன.

பட்டிகள் எதற்கு?

அந்தப் பட்டி வரிசைக்கு ‘மாலி’ முறை என்று பெயர். 1990-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது. ஒரு அங்குல அகலப் பட்டிகள், இடையே ஒரு அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல். எந்த பவுச்சையும் எந்த இடத்திலும் மாட்டலாம். மருத்துவ உதவியாளருக்கு ஒரு அமைப்பு, ரேடியோ சுமப்பவருக்கு வேறு அமைப்பு. வேலைக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் நோக்கம். எல்லாவற்றையும் ஒரே பையில் தொங்கவிடுவது அல்ல.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சுமையைக் கூட்டும் பழக்கம் ராணுவத்துக்கும் புதிதல்ல. வீரர்கள் தேவைக்கு மேல் சுமக்க வைக்கப்படுகிறார்கள், அது அவர்களின் போரிடும் திறனையே கெடுக்கிறது என்று அமெரிக்க ராணுவ எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950-லேயே ஒரு புத்தகம் எழுதினார். லேப்டாப்பும் லஞ்ச் பாக்ஸும் சுமப்பவருக்கும் அதே கணக்குதான்.

முதல் வேலை தராசு

செலவே இல்லாத அப்கிரேட் ஒன்று உண்டு. பையைக் கொட்டி, ஒரு வாரம் எதை எடுத்தோம், எதைத் தொடவே இல்லை என்று பார்ப்பது. தொடாதது வெளியே போகட்டும். காலிப் பையையும் எடை போட்டுப் பார்க்கலாம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே ‘டெனியர்’ கணக்கு. 1000 டெனியர் என்றால் தடித்த நூல், கெட்டியான துணி, கூடுதல் எடை. பாறையில் உரசாத ஆபீஸ் பைக்கு 500 டெனியரே தாராளம்.

அடுத்தது பொருத்தம். லேப்டாப் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். கனமான பவுச்சை வெளிப்பக்கம் மாட்டினால் எடை முதுகிலிருந்து விலகிப் பின்னால் இழுக்கும். தோள் முன்னால் குனியும். மார்புப் பட்டியைப் போட்டால் தோள்பட்டிகள் நழுவாது. பவுச் கண்டிப்பாக வேண்டும் என்றால், அதன் வாரை பையின் பட்டியிலும் பவுச்சின் பட்டியிலும் மாறி மாறிக் கோத்து இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செருகினால் நடக்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும்.

பைக்கில் போகிறவர் கவனிக்க

தொங்கும் வார் நுனிகளை இரு சக்கர வாகனத்தில் அலட்சியமாக விடக் கூடாது. இடுப்புப் பட்டி சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் விபத்துதான். கழற்ற முடிந்தால் கழற்றிவிடலாம். முடியாவிட்டால் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் போதும், சில ரூபாய் வேலை.

மழைக்கு, கெட்டித் துணியை நம்பக் கூடாது. துணி நனையாவிட்டாலும் தையல் ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் வரும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை வைத்த பைகளில், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அதே வழியாக உள்ளேயும் வரலாம். மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது. லேப்டாப்பைத் தனியாக ஒரு வாட்டர்புரூஃப் பையில் போட்டு உள்ளே வைப்பதே நம்பகமான வழி. வாஷிங் மெஷினில் போட்டால் உள்பூச்சு உரிந்துவிடும் என்பதால் கையால் துடைப்பது நல்லது.

ஜிப்பில் கிணுகிணுக்கும் உலோகத் துண்டுக்குப் பதில் பாராகார்டு கயிற்றை முடிச்சுப் போட்டால் சத்தமும் இருக்காது, ரெயின் கோட் கையோடும் பிடிக்கலாம்.

சோதனையில் மாட்டாமல் இருக்க

பவுச் கூடக் கூட மறதியும் கூடும். எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் கத்தி வைத்த மல்டி டூல், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில்தான் நினைவுக்கு வரும். கத்தியை கேபினுக்குள் கொண்டுபோக முடியாது. பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

நிறமும் முக்கியம். ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அவர்களின் உடையையோ சின்னத்தையோ பயன்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவின்படி குற்றம். ஸ்டைலுக்காகச் சுமக்கும் பை அந்த வகையில் வராது என்றாலும், கேமோ துணியும் ராணுவச் சின்ன பேட்ச்சும் தேவையில்லாத கேள்விகளைக் கொண்டுவரும். கறுப்போ சாம்பலோ இருந்துவிட்டுப் போகட்டுமே.

களத்தில் வேலை பார்க்கும் சர்வீஸ் இன்ஜினீயருக்கும் போட்டோகிராபருக்கும் இந்தப் பட்டி வரிசை உண்மையிலேயே உதவும். அவர்களின் பொருள் நாளுக்கு நாள் மாறும், பவுச்சும் கூடவே மாறும். தினமும் அதே லேப்டாப், அதே டிபன் என்று போகிறவருக்கோ அந்தப் பட்டிகளில் பெரும்பாலானவை காலியாகக் கிடப்பதே நல்லது. பவுச்சுக்கு ஒதுக்கிய காசில் ஒரு வாட்டர்புரூஃப் உறை வாங்கினால் லேப்டாப் பிழைக்கும். மீதிக் காசு பர்ஸிலேயே இருக்கட்டும்.