கிருமியை மட்டும் தேடும் ஆய்வும் மலடெனப் பழிக்கப்படும் குதிரையும்

மூன்று சினைப்பருவங்களில் இணைசேர்த்தும் சினை பிடிக்காத பெண்குதிரை ஒன்று மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறது. கருப்பையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கப்படுகிறது. ஆய்வகத்தில் ஏதோ ஒரு பாக்டீரியா வளர்கிறது. அது எந்தெந்த மருந்துக்கு மடியும் என்ற பட்டியல் வருகிறது. பட்டியலின் முதலில் நிற்கும் மருந்து கருப்பைக்குள் செலுத்தப்படுகிறது. அடுத்த பருவத்திலும் குதிரை சினை பிடிப்பதில்லை. உரிமையாளர் அதை ‘மலடு’ என்று விற்றுவிடுகிறார். ஆய்வேட்டிலோ அட்டவணை ஒன்று நிறைவு பெறுகிறது. அந்தக் குதிரை பிறகு குட்டி ஈன்றதா என்ற கேள்விக்கு அட்டவணையில் கட்டமே இல்லை.

இந்த அச்சில் வார்க்கப்படும் ஆய்வுகள் தவறான கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. ‘எந்தக் கிருமி?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘இணைசேர்த்து எத்தனை மணி நேரம் ஆகியும் அழற்சி ஏன் அடங்கவில்லை?’ என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்காமல் கிருமிகளின் பெயர்களை எண்ணிக்கொண்டிருப்பது, தீ ஏன் அணையவில்லை என்று பாராமல் சாம்பலை எடை போடுவதற்கு ஒப்பானது.

பசுவில் இயற்கையாக இணைசேரும்போது விந்து யோனியில் விழுகிறது. குதிரையில் அது நேரே கருப்பைக்குள் சென்று சேர்கிறது. விந்தோடு தூசும் பாக்டீரியாவும் சேர்ந்தே நுழைகின்றன. கிருமி ஏதுமில்லாத தூய விந்தணுக்கள் கூட அங்கு அழற்சியைத் தூண்டும். அரை மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் கருப்பைக்குள் வரத் தொடங்குகின்றன. எஞ்சிய விந்தணுக்களையும் அழுக்கையும் அவை விழுங்குகின்றன. கருப்பைத் தசை சுருங்கிச் சுருங்கிக் கழிவை வெளியேற்றுகிறது. நலமான குதிரையில் ஓரிரு நாளுக்குள் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. கரு கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு வந்து சேர ஏறத்தாழ ஆறு நாள் ஆகும். அதற்குள் வீடு கழுவித் துடைக்கப்பட்டு அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே, இணைசேர்ந்த பின் வரும் அழற்சி நோயன்று. அது அடங்க மறுப்பதுதான் நோய். அத்தகைய குதிரையில் கருப்பைக்குள் நீர் தேங்கி நிற்கிறது. வந்து சேரும் கருவுக்கு அங்கே வாழ வழியில்லை.

இந்தப் புரிதல் நேற்று வந்ததன்று. 1969இல் ஹியூஸ், லாய் ஆகிய ஆய்வாளர்கள் குதிரைகளின் கருப்பைக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தனர். சில குதிரைகள் தாமாகவே அதை வெளியேற்றிவிட்டன. சில குதிரைகளால் அது இயலவில்லை. கிருமி ஒன்றே, விளைவு இரண்டு. அப்படியானால் வேறுபாடு கிருமியில் இல்லை, குதிரையில் இருக்கிறது. பின்வந்தோர் எதிர்ப்புரதக் குறைபாட்டைத் தேடினர். பாதிக்கப்படும் குதிரைகளில் அது குறைவாக இல்லை என்று கண்டனர். 1990களில் கவனம் கருப்பைத் தசையின் பக்கம் திரும்பியது. சுருக்கம் வலுவிழந்த குதிரைகளே கழிவை வெளியேற்றத் திணறுகின்றன என்பது தெளிவாயிற்று. வயதும் பல ஈற்றுகளும் கருப்பையை வயிற்றுக்குள் தொங்கச் செய்கின்றன. கருப்பை வாய் சரியாகத் திறவாமல் போவதும் உண்டு. அண்மைய ஆய்வுகள் மேலும் ஓரடி சென்றன. இணைசேர்ந்த சில மணி நேரத்தில், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 போன்ற செய்திப் புரதங்களுக்கான மரபணு வெளிப்பாடு, நலமான குதிரைகளில் உயர்ந்தும் பாதிக்கப்படும் குதிரைகளில் தாழ்ந்தும் இருந்தது. அழற்சியைத் தொடங்கும் ஆற்றல் இரண்டுக்கும் உண்டு. அதை உரிய நேரத்தில் முடித்துவைக்கும் ஆற்றலில்தான் பின்னவை தோற்கின்றன.

அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த அறிவுப் பயணத்தில், மேற்சொன்ன அச்சு ஆய்வேடு 1969க்கும் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கொரு காரணம் உண்டு. இனப்பெருக்க மருத்துவப் பாடம் பசுவையும் எருமையையும் நடுவில் வைத்து எழுதப்பட்டது. பசுவுக்கு வகுத்த சட்டகத்தைக் குதிரைக்கு மாட்டும்போது, குதிரைக்கே உரிய சிக்கல் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கேள்வி மாறினால் மருத்துவமும் மாறுகிறது. அடங்காத அழற்சிக்கு முதல் மருந்து கழுவுதல். கருவுறச் செய்யும் விந்தணுக்கள் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாயை அடைந்துவிடுவதால், அதன்பின் கருப்பையைக் கிருமி நீக்கிய உப்புநீரால் கழுவுவது கருவுறுதலைக் கெடுக்காது. அதைத் தொடர்ந்து சிறிய அளவில் ஆக்சிடோசின் ஊசி. தசை சுருங்கி எஞ்சிய நீரை வெளியேற்றும். பால் கறக்க முறைகேடாகச் செலுத்தப்படும் மருந்து என்றே இந்நாட்டில் பெயர் கெட்டுப்போன ஆக்சிடோசினுக்கு இப்படியொரு நேரிய பயனும் உண்டு. இன்னொன்று: ஒரே பருவத்தில் நாள்தோறும் பொலிகுதிரையிடம் விடுவது ஒவ்வொரு முறையும் அழற்சியைப் புதுப்பிக்கிறது. முட்டை வெளிப்படும் நேரத்தைக் கணித்து ஒரே முறை இணைசேர்ப்பதே இத்தகைய குதிரைக்குச் செய்யும் முதல் உதவி. மெலிந்த முதிய குதிரைகளில் பெண்குறி உட்சாய்ந்து காற்றும் சாணமும் உள்ளே போகும். அதைத் தைத்து மூடும் எளிய முறையைக் காஸ்லிக் 1937இலேயே விவரித்துவிட்டார். இவற்றில் எதுவும் விலை உயர்ந்த தொழில்நுட்பமன்று.

மறுப்புகள் எழும். கிருமித் தொற்று பொய்யா என்று கேட்கப்படும். பொய்யன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஈ. கோலையும் சூடோமோனாஸும் உண்மையாகவே கருப்பையைக் கெடுப்பவை. சில உயிர்ப்படலம் கட்டிக்கொண்டு மருந்துக்கு அகப்படாமல் ஒளிந்திருப்பவை. அவற்றுக்கு மருந்து வேண்டும். ஆனால் பஞ்சுக்குச்சியில் வளர்ந்த கிருமி கருப்பையுடையதா, வெளிவழியில் ஒட்டியதா என்பதை வளர்ப்புச் சோதனை மட்டும் சொல்லாது. அதே மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்து வெள்ளணுக்கள் உள்ளனவா என்று எண்ண வேண்டும். கண்ணாடித் தகடும் சாயமும் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும் பொருள்கள். அதைச் செய்யாமல் வெளியாகும் மருந்தெதிர்ப்புப் பட்டியல், எந்த நோயுடைய பட்டியல் என்று யாருக்கும் தெரியாது.

‘ஸ்கேன் கருவி இல்லை, உரிமையாளர் ஒருமுறைதான் வருவார், அவர் கேட்பது மருந்து’ என்பது அடுத்த மறுப்பு. களத்தில் உழைக்கும் மருத்துவரின் இந்த நெருக்கடி உண்மையானது. அவரைக் குறை சொல்வது நேர்மையன்று. குறை அவருக்குச் சான்று வழங்கத் தவறிய ஆய்வுலகத்துடையது. ஒரே வருகையில், ஸ்கேன் இன்றி, உப்புநீரும் ஆக்சிடோசினும் மட்டும் கொண்டு எத்தனை குதிரைகளைச் சினையாக்க முடியும் என்பது இந்நாட்டுக்கே உரிய சிறந்த ஆய்வுக்கேள்வி. அதைக் கேட்பதை விட்டுவிட்டு, மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்த 2017இல் தேசியச் செயல்திட்டம் வகுத்த ஒரு நாட்டில், தேவை உறுதியாகாத மருந்தைக் கருப்பைக்குள் ஊற்றுவதற்கு ஆய்வேடுகளே மறைமுக ஒப்புதல் தருகின்றன.

இழப்பு சிறிதன்று. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் போகும். இனப்பெருக்கக் காலமே தவறினால் ஓராண்டு போகும். ஒன்றிரண்டு குதிரைகளை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது ஓராண்டு வருமானம். 2012 கணக்கெடுப்பில் ஆறேகால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 லட்சமாகச் சுருங்கிவிட்டன. வண்டியும் எந்திரமும் குதிரையின் இடத்தைப் பிடித்தது இச்சரிவின் பெருங்காரணம், கருப்பை அழற்சியன்று. ஆயினும் எண்ணிக்கை குறையக் குறைய, மார்வாரி, கத்தியவாரி, சான்ஸ்காரி போன்ற இனங்களில் ஒவ்வொரு பெண்குதிரையின் கருப்பையும் விலைமதிப்பற்றதாகிறது. 2023இல் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிக்கானேர் வளாகத்தில் கருமாற்று முறையில் மார்வாரிக் குட்டி பிறந்தது பாராட்டுக்குரிய சாதனை. ஆனால் கருவை ஈன்று தரும் குதிரைக்கும் அதைச் சுமக்கும் குதிரைக்கும் முதல் தகுதி, அழற்சி அடங்கிய கருப்பையே. அடித்தளம் இன்றி மாடி நிற்காது.

ஆகவே, நெறியாளர்களும் ஆய்வுக்குழுக்களும் இத்தகைய ஆய்வுத்திட்டம் மேசைக்கு வரும்போது நான்கு கேள்விகள் கேட்கட்டும். இணைசேர்த்து எத்தனை மணி நேரத்தில் மாதிரி எடுக்கப்படும்? வளர்ப்புச் சோதனையோடு வெள்ளணுக் கணக்கும் உண்டா? பொலிகுதிரையின் விந்து சோதிக்கப்பட்டதா, பழி முழுவதும் பெட்டையின் தலையிலா? குட்டி ஈனும் வரை குதிரை தொடரப்படுமா? நான்குக்கும் விடையில்லாத திட்டம் திருப்பி அனுப்பப்படட்டும். முனைவர் பட்டத்துக்கு அதனால் ஓராண்டு கூடுதலாகலாம். குதிரை குட்டி ஈனவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் ஆகிறது.

‘மலடு’ என்பது நோயின் பெயரன்று. ஆய்வு நின்றுபோன இடத்தின் பெயர்.