விற்கிறவனைப் பிடிங்க... சிக்கிய பிள்ளையை மீட்டுக் கொடுங்க!

தோழர்களே,

போதைன்னு சொன்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது டாஸ்மாக். அடுத்து கஞ்சா. ஆனா சத்தமே இல்லாம இன்னொண்ணு நம்ம தெருவுக்குள்ள நுழைஞ்சிருக்கு. அதுதான் வலி நிவாரணி மாத்திரை!

டாபென்டடால்னு ஒரு மாத்திரை. கடுமையான வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள் இளைஞர்கள். வாயில் வாடை வராது. அதனால் பெற்றோருக்குத் தெரிவதற்குள் மாசக்கணக்கு ஓடிவிடுகிறது.

மாத்திரையில் இருக்கிற மாவு ரத்தக்குழாயை அடைக்கும். ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும். அளவு மீறினால் வலிப்பு வரும், மூச்சே நின்றுவிடும்.

"இனிமே தொடமாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணான், மறுபடியும் போயிட்டான்"னு புலம்பாத வீடு இல்லை. அவன் சொன்னது பொய் இல்லைங்க. திடீர்னு நிறுத்தினால் உடம்பு முறுக்கும், தூக்கம் வராது, வாந்தி பேதி படுத்தும். அந்த வேதனை தாங்காமல்தான் திரும்ப ஓடுகிறான். இது நோய். சத்தியத்தால் தீராது, சிகிச்சையால்தான் தீரும்.

அந்தச் சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்குது? ஒன்றிய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மிச்சம் 37 பேர்? கடைகளில் வெளிப்படையா விற்கிற சாராயத்துக்கே இந்த நிலைமைன்னா, ஒளிஞ்சு போடுற ஊசிக்கு யார் வாய் திறந்து உதவி கேட்பாங்க?

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்"ங்கிற பயம் வேற. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய ஒரு அடிமை, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால், அவர் மீது அந்த வழக்கு நடத்தக் கூடாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். இந்தப் பிரிவு எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

அதனால்தான் நாம் கேட்கிறோம்:

🔴 சிக்குகிற பையனோடு வழக்கை முடிக்காதீர்கள். மாத்திரை எந்த மொத்த வியாபாரியிடமிருந்து கிளம்பியது என்று கடைசி வரை தேடிப் பிடியுங்கள்.

🔴 ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் போதை மீட்புக்குத் தனிப் படுக்கை, மனநல மருத்துவர், ஆலோசகர் வேண்டும்.

🔴 ஒவ்வொரு காவல் நிலையத்திலும் 64ஏ பிரிவை எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதி வையுங்கள்.

நமக்கும் வேலை இருக்கு தோழர்களே. மாட்டிக்கொண்ட பையன் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. அந்த அவமானம் இன்னும் நாலு வீட்டுக் கதவைச் சாத்திவிடும். அதுக்குப் பதிலா இந்த நம்பர்களைப் போடுங்க:

📞 14446 – போதை மீட்பு ஆலோசனை, கட்டணமில்லை
📞 10581 – போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் சொல்ல

இன்னைக்கு அடுத்த தெருப் பிள்ளைதானேன்னு நாம கடந்து போனா, நாளைக்கு நம்ம பிள்ளைக்கு யார் வருவா?

பகிருங்கள்!

#போதையில்லா_தமிழ்நாடு