கடைசியில் வரும் 'ஆனால்'

சென்ற வாரம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கூடமொன்றில், பிளாஸ்டர் அச்சின் இரு பாதிகளையும் இறுகக் கட்டி, களிக்கூழை அதன் வாய்வரை ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்து வடித்துக்கொண்டிருந்த பெரியவர், குவளையோடு தயங்கி நின்ற பையனிடம், "எந்த அச்சுன்னு முடிவு பண்ணிட்டுக் குவளையைத் தூக்குடா தம்பி" என்றார்.

கம்ப்யூட்டர் நிரலை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து அதன் அமைப்பைக் காணும் பார்ஸருக்கும் இதே கட்டாயம் உண்டு. அது விரைந்தோட வேண்டுமானால், முதற்சொல்லைக் கண்டதுமே இன்னவகை வாக்கியமென்று நிச்சயித்துவிட வேண்டும். படித்ததையே திரும்பப் படிப்பது கால விரயம். நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் பாஷை, அடுத்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து மேலே செல்லும்படி வகுக்கப்பட்டது. 'இஃப்' என்று தொடங்கினால் நிபந்தனை, 'வொயில்' என்றால் சுழற்சி. ஆங்கிலத்துக்கு அது சுபாவம். நம் பாஷையோ, 'மழை பெய்தால்' என்று, நிபந்தனைக்குரிய விகுதியைக் கடைசியில்தான் தருகிறது.

முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009-இல் இலக்கணத்தோடு ஒரு கட்டுரையில் விவரித்த 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி, இந்தச் சுபாவத்தைக் குலைக்காமலே காரியத்தைச் சாதித்திருக்கிறது. முன்னால் '@' என்றொரு குறி. அதைக் கண்டதும், வருவது நிபந்தனை என்று பார்ஸர் அறிகிறது. அடைப்புக்குள் இருப்பதைப் படித்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த சொல் 'ஆனால்' எனில் கிளை என்றும், 'வரை' எனில் சுழற்சி என்றும் தீர்மானிக்கிறது. 'ஆனால்' என்பதைத் தூக்கி முன்னால் வைத்திருந்தால் தமிழ்ச் சொற்களுக்குள் ஆங்கில வாக்கியமல்லவா ஒளிந்திருக்கும்? அந்த அநீதியைச் செய்யாததற்காகவே அதனிடம் எனக்கு மிகுந்த மரியாதை.

எந்த இயந்திரத்திலும் ஓடவேண்டும் என்பது இன்னொரு கவலை. அக்காலத்தில் விர்த் பணியாற்றிய ஜூரிச்சிலிருந்து சென்ற பாஸ்கல் கம்பைலர், கற்பனை இயந்திரம் ஒன்றுக்கான கட்டளைகளையே ஆக்கித் தந்தது. அவற்றை நடத்தும் சிறு நிரலை மட்டும் அவரவர் எழுதிக்கொண்டால் போதும். எழில், பைத்தான் என்னும் நிரல்மொழியின் மேல் அமைந்ததால், பைத்தான் உள்ள இடத்தில் அதுவும் ஓடும். வேகத்தில் நஷ்டமுண்டு, கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அது பொருட்டன்று என்பது என் அபிப்பிராயம்.

உணவு இடைவேளையில் அந்தப் பையனிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்:

@( சூடு > 1200 ) ஆனால்
    பதிப்பி "சூளையை அணை"
முடி

"சூடு ஆயிரத்து இருநூறுக்கு மேல ஆனா, சூளையை அணை" என்று தடையின்றிப் படித்துவிட்டு, '@' குறியின்மேல் விரலை வைத்து, "இந்தச் சுழி எதுக்கு சார்?" என்று கேட்டான்.